வெப்ராளத்தை வெப்பம் என்று எழுதிய நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் செவிலியர்களுக்கு நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று உங்கள் பயிற்சிப் பொறுப்பாளர் கேட்டார். முப்பத்தாறு வருடம் இந்த வேலையில் இருந்தவளுக்கு எழுத விஷயம் இல்லாமல் போகாது. பெயர் வாங்கிக்கொடுத்த நாட்கள் சில உண்டு. அவற்றை ஓய்வுபெற்ற நாளில் மேடையில் மற்றவர்கள் சொன்னதே போதும். நான் தவறு செய்த ஒரு மத்தியானத்தைப் பற்றி எழுதுகிறேன். அதைச் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். பாதரசம் ஏறி இறங்கும் கருவியில் ரத்த அழுத்தம் பார்த்து வேலை தொடங்கினேன். பிறகு வளைகுடாவில் ஏழு வருடம். அங்கே வாராவாரம் ஏதாவது புதுக் கருவி வரும். பயப்படாமல் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பி, குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, கடைசி ஆறு வருடம் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்தேன். அவசரப் பிரிவின் மேஜைக்கு அந்த டேப் வந்தபோது அதை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் என் கையெழுத்தும் இருந்தது.

செயற்கை நுண்ணறிவு என்று அறிமுக விழா அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். கையில் பிடிக்கிற அந்தத் திரைக்கருவியை நாங்கள் டேப் என்றுதான் சொல்லுவோம். நோயாளி பேசுவதை அது கேட்கும். கேட்டதைக் குறிப்பாக எழுதும். நாம் பதிகிற நாடித்துடிப்பு, அழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு நிறம் காட்டும். சிவப்பு என்றால் உடனே டாக்டர், மஞ்சள் என்றால் கொஞ்ச நேரத்தில், பச்சை என்றால் காத்திருக்கலாம். விளக்கம் சொல்ல வந்த கம்பெனிப் பையன் நல்ல பிள்ளை. மேடையில் நின்று, தனக்கு வயிற்றுவலி என்று தமிழில் சொல்லிக் காட்டினான். அவன் வாயை மூடுவதற்குள் குறிப்பு திரையில் வந்துவிட்டது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. நாங்கள் கைதட்டினோம். எங்களில் இரண்டு பேர் எழுந்துபோய்ப் பேசிப் பார்த்தார்கள். மைக்கைப் பிடித்ததும் அவர்கள் குரலும் பேச்சும் மாறிவிட்டன. ரேடியோவில் பேசுவதுபோலப் பேசினார்கள். வீட்டில் பேசுகிற மாதிரி யாரும் பேசவில்லை. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

சில வாரங்களில் வேலை சுலபமானது உண்மை. எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள் நாங்கள். அடுக்கடுக்காகக் காகிதம் இல்லை, கையெழுத்து புரியவில்லை என்ற புகார் இல்லை. நிர்வாகத்துக்கும் சந்தோஷம். அவசரப் பிரிவில் இருந்த செவிலியர்களில் இரண்டு பேரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். டேப் இருக்கிறதே என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

இன்னொன்றும் நடந்தது. நம் செவிலியப் பிள்ளைகள் நோயாளிகளிடம், கொஞ்சம் தெளிவாகச் சொல்லுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சொல்லும்போது அவர்கள் பார்த்தது திரையை. வலியோடு வந்தவர்கள் ஒரு நிமிடம் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடப்புத்தகத் தமிழில் தங்கள் நோவைச் சொன்னார்கள். அருமனையிலிருந்து வந்த ஒரு தாத்தா, வயிற்று உப்புசத்தை வயிறு பெருக்கம் என்று வழக்கமாகச் சொல்கிறவர், அன்று யோசித்து யோசித்து 'வயிற்று உபாதை' என்றார். நான் அருகில் நின்று சிரித்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். மேம்பாலத்துக்குக் கீழே ஒரு மினி பஸ்சும் லாரியும் இடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் பதினொரு பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தலை உடைந்தவர்கள், கை ஒடிந்தவர்கள், ஒன்றும் ஆகாமல் அலறிக்கொண்டிருந்தவர்கள். டியூட்டி டாக்டர் ஒருவர்தான். நானும் மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றேன். தரையெல்லாம் ரத்தமும் கண்ணாடித் துண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஆட்டோவில் செலின் வந்தார். கடியப்பட்டணத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். குழித்துறைச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருக்கும்போது முடியாமல் ஆகி, பக்கத்துக் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். துணைக்கு யாரும் இல்லை. தானே நடந்து உள்ளே வந்தார். நடந்து வருகிறவர்களை அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேஜையில் இருந்தவள் அனிஷா. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கெட்டிக்காரப் பிள்ளை, வேகமும் உண்டு. செலினை உட்காரவைத்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து, டேப்பை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவர் பேசினார். அது எழுதியது. இரண்டு நிமிடத்தில் அனிஷா என்னிடம் ஓடிவந்து திரையை நீட்டினாள். கூட்டம் அதிகமான நாட்களில் கண்காணிப்பாளர் ஒருமுறை பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது எங்கள் விதி.

திரையில் இருந்தது இதுதான். நோயாளி கூறியது: உடல் வெப்பமாக இருக்கிறது, உட்காரவும் நிற்கவும் சோர்வு, தோள் வலி. வெயிலில் வேலை செய்பவர். பரிந்துரை: குடிக்க நீர், ஓய்வு, காத்திருக்கலாம். மேலே பச்சை.

நான் படித்தேன். ஒரு கையில் ஒரு சிறுமியின் நெற்றிக்காயத்தை அழுத்திப் பிடித்திருந்தேன். மற்ற கையின் விரலால் பச்சையைத் தொட்டு ஒப்புதல் கொடுத்தேன். அந்த எழுத்து அத்தனை சீராக இருந்தது. அதைப் படித்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இவ்வளவு பேரில் ஒருத்தரைப் பற்றியாவது கவலைப்பட வேண்டாம் என்ற நிம்மதி. பிள்ளைகளே, என் தவறு என்ன என்று கேட்டால் அந்த நிம்மதியைத்தான் சொல்வேன். அதே திரையில், இரண்டு வரி கீழே, உடம்பின் வெப்பநிலை இயல்பு என்று எழுதியிருந்தது. வெப்பம் என்று சொல்கிறவருக்கு வெப்பம் இல்லை. முதலாமாண்டு மாணவிக்குக்கூட இடிக்கும். எனக்கு இடிக்கவில்லை. செலின் என்னிடமிருந்து ஏழெட்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் தலையைத் திருப்பவில்லை.

அவசரப் பிரிவில் துப்புரவு வேலை செய்கிற ஒரு பெண் இருந்தாள். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் எழுதவில்லை. நாற்பது வயதிருக்கும், அவளும் கடற்கரை ஊர்க்காரிதான். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே செலின் உட்கார்ந்திருந்த வரிசை வரைக்கும் போனவள், துடைப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"சிஸ்டரே, அந்த மீன்கார அக்கா வெப்ராளம்னு சொல்லுதாவ" என்றாள்.

குறிப்பில் இருக்கிறது, தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம் என்று நான் சொன்னேன். அவள் போகவில்லை.

"அது சூடு இல்ல சிஸ்டரே. எனக்க அம்மையும் போறதுக்கு முன்ன இப்படித்தான் சொன்னா. ஒருக்கா வந்து பாருங்க."

"நீ உனக்க வேலையப் பாரு" என்றேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். பின்னால் நடந்த விசாரணையில் அவளே இதைச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் அவளிடம் சொன்னேன்.

வெப்ராளம் என்ற சொல் தெரியாத வீடு நம் பக்கத்தில் கிடையாது. நான் கடற்கரைக்காரி இல்லை, உள்நாட்டுக்காரி, சி.எஸ்.ஐ. குடும்பம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டிலும் அந்தச் சொல் நாள்தோறும் புழங்கும். பஸ் வரத் தாமதமானால் என் அம்மாவுக்கு வெப்ராளம் வரும். பரீட்சை முடிவு வருகிற காலையில் எனக்கு வந்திருக்கிறது. ஆனால் உடம்புக்கு முடியாத ஒருவர் காரணம் தெரியாமல் வெப்ராளமாக இருக்கிறது என்று சொன்னால், அது வேறு. உள்ளே ஏதோ சரியில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை என்று பொருள். நிலைகொள்ளாமல் தவிக்கிற தவிப்பு அது. மாரடைப்பு வந்த எத்தனையோ பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் இந்த ஒரு சொல்லோடு வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டேப்புக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்று அது சொல்லவும் இல்லை. பக்கத்தில் கிடந்த தெரிந்த சொல்லை எடுத்து வைத்துவிட்டது. எனக்கோ சொல் தெரியும். துப்புரவுக்காரி சொல்லிக் காதிலும் விழுந்தது. ஆனால் எழுதிய சொல்லை ஏற்கெனவே படித்து முடித்திருந்தேன்.

துப்புரவுக்காரி வேலையைப் பார்க்கப் போகவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் செலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்று வியர்த்திருந்ததாகப் பிறகு சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவள் கத்தியது கேட்டுத்தான் நான் திரும்பினேன். செலின் அவள் தோளில் சரிந்து கிடந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டாக்டர் ஓடிவந்தார். அனிஷா ஒரு நொடி தாமதிக்கவில்லை. நின்றுபோன இதயத்தை இரண்டாவது மின்னதிர்ச்சியில் திரும்ப ஓடவைத்தோம். ஆம்புலன்சில் ஏற்றித் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினோம். நான் கூடவே போனேன். களியக்காவிளை தாண்டும் வரைக்கும் அவர் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. திரையைத் தொட்டதும் அதே விரல்தான் என்ற நினைப்பு வழி முழுக்க இருந்தது.

செலின் பிழைத்தார். ஆனால் அந்தத் தாமதத்தில் இதயத்தின் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தலையில் மீன் சுமந்து வாழ்ந்தவருக்கு அதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்று வாரம் கழித்து அவருடைய மகன் மருத்துவமனைக்கு வந்தார். விசைப்படகில் வேலை செய்கிறவர், முப்பது வயது. சண்டை போட வருவார் என்று நிர்வாக மேலாளர் வாசலில் ஆட்களை நிறுத்தியிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. தாயின் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'நோயாளி கூறியது' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது எனக்க அம்மைக்க பேச்சு இல்ல" என்றார். "எனக்க அம்மை உடல் வெப்பம்னு சொல்லமாட்டா. அவ என்ன சொன்னாளோ அத எழுதித் தாங்க. எனக்கு அது போரும்."

அவர் கேட்டது அவ்வளவுதான்.

அதைத்தான் எங்களால் கொடுக்க முடியவில்லை. குறிப்பு எழுதி முடித்ததும் பேச்சின் ஒலிப்பதிவை டேப் அழித்துவிடும். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க அப்படி அமைத்திருக்கிறோம் என்றது கம்பெனி. பதிவான குறிப்பைத் திருத்தவும் வழியில்லை. அனிஷாவை அழைத்துக் கேட்டேன். உன் முன்னால் உட்கார்ந்துதானே பேசினார், என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

"மேடம், நான் எழுத்து வருதான்னு திரையத்தான் பாத்துட்டு இருந்தேன். அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு ஞாபகமே இல்ல."

கடைசியில், அந்த அறையில் நிரம்பியிருந்த அத்தனை பேரில் செலின் சொன்னதைக் காதால் கேட்டு மனதில் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள். தரை துடைத்தவள்.

விசாரணை நடந்தது. எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். இது வெறும் பரிந்துரைதான், முடிவு மனிதருடையது என்றது கம்பெனி. இயந்திரம் சொன்னபடி நடந்தோம் என்றார் மேலாளர். ஒப்புதல் வாங்கித்தான் காத்திருக்கச் சொன்னேன் என்றாள் அனிஷா. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாம் சொல்லி முடித்த பிறகு அந்த மேஜையில் தவறு செய்தவர் யாரும் மிச்சமில்லை. செலின் மட்டும்தான் மிச்சம். மேலாளர் என்னைத் தனியாக அழைத்து, 'நோயாளி தன் அறிகுறிகளைத் தெளிவாகத் தெரிவிக்கவில்லை' என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் எல்லாருக்கும் நல்லது என்றார். எனக்கு ஓய்வுபெற நாலு மாதம் இருந்தது. துப்புரவுக்காரியின் வாய்ப்பேச்சை வைத்து, பதிவான குறிப்பைப் பொய் என்று எப்படிச் சொல்வீர்கள் என்றும் கேட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் நெடுநேரம் யோசித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 'தெளிவாகத் தெரிவிக்கவில்லை' என்று அவர் சொன்னதுமே, யோசித்து யோசித்து 'வயிற்று உபாதை' என்று சொன்ன அருமனைத் தாத்தாவின் முகம் வந்தது. அங்கேயே ஒரு தாள் வாங்கிக் கையால் எழுதினேன். நோயாளி வெப்ராளம் என்று சொன்னார். அது வெப்பம் என்று பதிவானது. நான் நோயாளியைப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தேன். ஊழியர் ஒருவர் இரண்டு தடவை எச்சரித்தும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலை செலினின் மகனுக்கும் கொடுத்தேன். அதற்கு எனக்கு அனுமதி இல்லை. அவர் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. மீதி நாலு மாதமும் மருந்துக் கிடங்கில் உட்கார்ந்திருந்தேன். அது பெரிய தண்டனை இல்லை. துப்புரவுக்காரியை, வேலையை விட்டுவிட்டு நோயாளியிடம் போய் உட்கார்ந்ததற்காக, ஒப்பந்தக்காரர் சலவைக் கட்டடத்துக்கு மாற்றினார். திரும்ப அவசரப் பிரிவுக்குக் கொண்டுவர மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். முடியவில்லை. இந்தக் கதையில் சரியாக நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான், அவளுக்கு நடந்தது இது.

கம்பெனியிலிருந்து ஒரு மாதத்தில் மின்னஞ்சல் வந்தது. வெப்ராளம் என்ற சொல்லை டேப்புக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்களாம். நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்க ஒரு மனுஷியின் பாதி இதயம் போயிருக்கிறது. மலைப்பக்கத்துச் சொற்கள் இருக்கின்றன, கடற்கரையில் ஊருக்கு ஊர் மாறுகிற சொற்கள் இருக்கின்றன, பெண்கள் பெண்களிடம் மட்டும் சொல்கிற சொற்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் எப்படிக் கற்கப்போகிறது? கற்பதற்குள் நம் ஜனங்கள் அவற்றைச் சொல்வதையே விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது வங்கிக்குப் போன் போட்டாலும் இயந்திரம்தான் பேசுகிறது, இ-சேவை மையத்திலும் அதுதான். சுசீந்திரத்தில் என் தங்கை வீட்டுக்கு எதிரே இருக்கிற அம்மாள், போனில் அதனிடம் பேசும்முன் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துப் படிக்கிறார். அதற்குப் புரியும்படி பேச வேண்டுமே என்கிறார். நமக்குப் புரியும்படி அது மாற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நீங்கள் வேலை செய்யும் இடங்களில் டேப் இருக்கும். இதைவிட நல்லதாகவும் வரும். தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, அது நடக்கவும் போவதில்லை. அது எத்தனையோ இடத்தில் நாம் விட்டதைப் பிடித்தும் கொடுத்திருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். திரையில் பச்சை தெரிந்து உங்கள் மனசு லேசாகும்போது, அந்த லேசான மனசைச் சந்தேகப்படுங்கள். பக்கத்தில் நிற்கிற யாராவது, அவர் யாராக இருந்தாலும், இது சரியில்லை என்று சொன்னால், நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள்.

ஓய்வுபெற்ற மறுவாரம் கடியப்பட்டணம் போனேன். செலின் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. அவர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மருமகள் கழுவிக்கொடுத்த நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். அன்று அவர் சொன்ன சொல்லை இயந்திரம் தப்பாக எழுதியதையும், நான் அதை நம்பியதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சொல் மட்டும் சரியாக எழுதப்பட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்றேன். அவர் கிள்ளிக்கொண்டிருந்த மீனைச் சட்டியில் போட்டார்.

"எனக்க பேச்சு கெடக்கட்டும் சிஸ்டரே" என்றார். "நீங்க ஒருக்கா திரும்பி எனக்க மூஞ்சியப் பாத்திருந்தா, நான் வாயே தொறக்க வேண்டாமே."

சட்டியை நகர்த்திவைத்துவிட்டு, சோறு தின்னிட்டுப் போங்க என்றார். மருமகள் உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்து அவருக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தேன். அவர் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். அவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாக நேராகப் பார்த்தேன்.